டாங்கியின் முன் வேண்டுதல்

ஆயுத பூஜை, புதன் இரவு.

இன்று தொழிற்சாலைக்குள் குடும்பங்களை அனுமதித்தார்கள். என் கணவர் ஒப்பந்தத்தில் வெல்டிங் செய்யும் டாங்கிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பீரங்கிக் குழாயின் இருட்டு வாயைச் சுற்றிச் சாமந்தி மாலை. அதற்கு நேரே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

அவரோடு வேலை செய்பவரின் மனைவி செல்வி என் காதருகே சொன்னாள்: "அக்கா, புது ஆர்டர் வரலைன்னா தை மாசம் நம்ம ரெண்டு ஊட்டுக்காரரையும் நிறுத்திடுவாங்களாம். நல்லா வேண்டிக்க."

"இன்னான்னு வேண்டிக்கிறது?"

"எங்கனா சண்ட வரணும்னுதான். இதுக்கு இன்னாத்துக்கு யோசிச்சிகினு கீற?" என்று சிரித்தாள்.

ராணுவச் செலவைக் குறைத்துப் பள்ளிக்கூடம் கட்டலாம் என்று வீட்டில் வாதாடுகிறவள் நான். இப்போதும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். கற்பூரம் காட்டியதும் கண்ணை மூடிக் கை கூப்பினேன். அவருடைய வேலை நிலைக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன்.

எலுமிச்சம்பழங்களின் மேல் டாங்கி ஏறியபோது காலடியில் தரை அதிர்ந்தது. கண்ணைத் திறந்தேன். சுற்றிலும் பெண்கள் யாரும் திறக்கவில்லை. எல்லாருடைய உதடுகளும் சத்தமில்லாமல், ஒரே மாதிரி அசைந்துகொண்டிருந்தன. என்னுடையதும் அசைவது அப்போதுதான் தெரிந்தது.

இத்தனை பேர் கேட்டால் கிடைத்துவிடும். எந்த ஊருக்கு அந்தச் சண்டை கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை.