சாந்தோம் போய்ச் சேராத சர்க்குலர்

டீச்சர்,

எதிர்வீட்டுப் பெண் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. நேற்று மாலை ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டு, "இதுல எதுக்கு மொதல்ல பதில் எழுதணும்னு சொல்லுங்கம்மா, எனக்குத் தலை சுத்துது" என்றாள். குடிதண்ணீர்த் தொட்டி பற்றி ஒன்று, அம்மைத் தடுப்புப் பட்டியல் கேட்டு ஒன்று, கட்டடச் சான்று கேட்டு ஒன்று, முன்பு அனுப்பிய கடிதத்துக்கு ஏன் பதில் இல்லை என்று இன்னொன்று. மேல் தாளை எடுத்ததும் ஸ்டென்சில் மையின் வாசனை வந்தது. கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் மண்ணெண்ணெய் என்று சொல்லத் தோன்றும் வாசனை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, மோந்து பாத்தே பதில் எழுதிடுவீங்களா?" என்று சிரித்தாள். அந்தக் கேலி உங்கள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது.

நீங்கள் கண்ணை மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

பட்டணத்தின் மேல் குண்டு விழப்போகிறது என்று பாதி ஊர் காலி செய்துகொண்டு போய், மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். யுத்தத்தில் காகிதப் பஞ்சம். கல்வி ஆபீசிலிருந்து மூன்று பள்ளிக்கூடத்துக்கு ஸ்டென்சிலில் அடித்த ஒரு பிரதிதான் சர்க்குலர் வரும். முதலில் தியாகராய நகர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். அவர்கள் தங்கள் நோட்டில் ஓர் எழுத்து விடாமல் நகல் எடுத்துக்கொண்டு, தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு மயிலாப்பூருக்கு எங்களிடம் அனுப்புவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் நகல் எடுக்கும் வேலை என்னுடையது. நானும் எழுதிக் கையெழுத்திட்டு, அதைச் சாந்தோமில் உங்களிடம் சேர்க்க வேண்டும். உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. தாள் உங்கள் கோப்பிலேயே தங்கிவிடும்.

முதல் தடவை வந்தபோது இந்த ஏற்பாட்டை உங்களுக்கு விளக்கினேன். குழாயடியில் வரிசையாக நிற்கும் குடங்களை நினைத்துக்கொள்ளுங்கள், முன்னால் இருக்கிற குடம் நகர்ந்தால்தான் பின்னால் இருப்பதற்குத் தண்ணீர் என்று தொடங்கினேன். நீங்கள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "உங்க உதாரணம் முடியறதுக்குள்ள யுத்தமே முடிஞ்சிடும் போலகீதே டீச்சர். காயிதத்தக் குடுங்க" என்றீர்கள். ஒரே வயது நமக்கு. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்டதும் கச்சேரி ரோடு வழியாக நடந்து உங்களிடம் வருவது வழக்கமாகிவிட்டது. சர்க்குலரை நீங்கள் உரக்கப் படிப்பீர்கள். மணல் வாளி எத்தனை, முதலுதவிப் பெட்டி உண்டா, பதுங்கு குழி வெட்டியாயிற்றா. ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் பள்ளி ஆயாவின் பக்கம் திரும்புவீர்கள்.

"பதுங்கு குழி இன்னாச்சு ஆயா?"

"தோண்டிக்கினுதான் கீறோம் டீச்சரம்மா. அது சரிஞ்சிக்கினே கீது. கடக்கரை மண்ணுக்கு யுத்தம் வந்தது எப்படித் தெரியும்?"

உங்கள் பள்ளிக்கூடம் கடலிலிருந்து கூப்பிடு தூரம். எத்தனை ஆழம் வெட்டினாலும் மறுநாள் காலை மணல் மூடிக் கிடக்கும். படிவத்தில் உண்டு, இல்லை என்று இரண்டுதான் எழுத இடம். மற்ற பள்ளிகள் 'உண்டு' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தன. நீங்கள் மட்டும், 'வெட்டினோம், மூடிக்கொண்டது, மறுபடி வெட்டுகிறோம்' என்று மூன்று வரி எழுதுவீர்கள்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

காகிதத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று ஒரு சர்க்குலர் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் எழுதிய தாளின் மறுபக்கத்தையும் பயன்படுத்த வேண்டும், உறைகளைப் பிரித்துத் திருப்பி ஒட்ட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. அந்தச் சர்க்குலரை என்னைவிடப் பக்தியாகக் கடைப்பிடித்தவர்கள் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டார்கள். பின்பக்கம் வெறுமையாக எந்தத் தாள் கண்ணில் பட்டாலும் நான்காகக் கிழித்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதச் சோதனையில் கணக்குப் போடக் கொடுத்துவிடுவேன். எங்கள் ஹெட்மாஸ்டர் தம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நாளைக்கு என் அங்கவஸ்திரத்துல கணக்குப் போடச் சொல்லிடாதேம்மா" என்பார்.

அந்த வேகத்தில், நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டு உங்களுக்கென்று மேஜையில் வைத்திருந்த ஒரு சர்க்குலரையும் கிழித்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்தது எனக்கே தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை காய்ச்சலாக இருந்ததால் சாந்தோமுக்கு வரவில்லை. அடுத்த வாரம் மேஜையில் தாள் இல்லாததைப் பார்த்து, யாரோ கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள் என்று உங்களிடமும் கேட்காமல் இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை நீங்கள் எங்கள் பள்ளி வாசலில் வந்து நின்றீர்கள். அதற்கு முன் நீங்கள் மயிலாப்பூர்ப் பக்கம் என்னைத் தேடி வந்ததே இல்லை. புடவை முந்தானையெல்லாம் வேர்வை. கையில் ஓர் உறை.

"டீச்சர், ஆபீஸ் பியூன் இத்தக் குடுத்துட்டுப் போறான். முன்னாடி அனுப்பின சர்க்குலருக்கு நாங்க பதிலே போடலையாம். இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள போடலைன்னா ரெகக்னிஷன எடுத்துட்டு, பிள்ளைங்கள உங்க ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்களாம். எந்த சர்க்குலரு? இன்னா கேட்டிருந்தாங்க? ஒண்ணும் புரியல. உங்க நோட்டுல இருக்குமேன்னு ஓடியாந்தேன்."

நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது. ஊர் காலி செய்தபோது மூடிய பள்ளிக்கூடங்கள், திறந்துவிட்டோம் என்றும், எத்தனை பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், பதுங்கு குழி உண்டா என்றும் எழுதித் தர வேண்டும். தராத பள்ளி மூடியே இருப்பதாகக் கொள்ளப்படும். நீங்கள் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தீர்கள். "இது எங்ககிட்ட வரவே இல்லியே" என்று மெதுவாகச் சொன்னீர்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதச் சோதனைத் தாள்களை அடுத்த இன்ஸ்பெக்ஷன் வரை பத்திரப்படுத்த வேண்டும் என்றும் ஒரு சர்க்குலர் உண்டு; நல்லவேளையாக அதையும் கடைப்பிடித்திருந்தேன். அலமாரியிலிருந்து கட்டை இறக்கி ஒவ்வொரு துண்டாகத் திருப்பினோம். ஒருவனுடைய கழித்தலுக்குப் பின்னால் சர்க்குலரின் தலைப்பு. வேறொருத்தியின் பெருக்கலுக்குப் பின்னால் இரண்டு கையெழுத்துகள், தியாகராய நகர் ஹெட்மாஸ்டருடையதும் என்னுடையதும். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. நான்கு துண்டுகளும் கிடைத்துவிட்டன. நீங்கள் அவற்றை மேஜையில் சேர்த்து வைத்துப் பார்த்தீர்கள். கோபித்துக்கொள்வீர்கள் என்று நின்றேன். "சிவப்பு மையில மார்க்கெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்களே டீச்சர்" என்றுதான் சொன்னீர்கள்.

ஹெட்மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். "இந்தத் துண்டு விஷயத்தை வெளியில சொல்லிண்டு திரியாதே. இன்னும் ரெண்டு மாசத்துல உன் வேலை நிரந்தரமாகணும். இப்போ போய்க் கவனக்குறைவுன்னு எழுதிட்டான்னா அதோட போச்சு. கொடுத்துட்டோம், அங்கே எங்கேயோ போயிடுத்துன்னு சொன்னா முடிஞ்சது." கெட்ட மனிதர் இல்லை அவர். என் அப்பா படுத்த படுக்கையாக இருந்ததும், வீட்டில் நான் ஒருத்திதான் வேலைக்குப் போனதும் அவருக்குத் தெரியும். அரை நாள் லீவும் கொடுத்தார்.

பதிலை வாங்கிக்கொள்ள வேண்டிய கல்வி ஆபீஸ் இன்ஸ்பெக்டர் அன்று அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். என் நோட்டைப் பார்த்து உங்கள் பதிலை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே எழுதி முடித்தீர்கள். நாம் இருவரும் பஸ் ஏறினோம். பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையால் ஓடும்படி பின்னால் கரி அடுப்பு கட்டிய பஸ். ஏறி உட்கார்ந்ததுமே நீங்கள் சொன்னீர்கள்:

"நீங்க வாயத் தொறக்காதீங்க. எங்க ஸ்கூல்ல வாங்கி வெச்சுத் தொலைச்சுட்டோம்னு நான் சொல்லிடறேன். எனக்குன்னா பங்குச் சாமியார் போய்ப் பேசுவாரு. உங்களுக்கு யாரு கீறாங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடையாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் போய் அடுப்பைக் கிளறினார். நீங்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னா நைனா, சோறு வடிக்கிறியா?" என்று கேட்டீர்கள். "வேகறதுக்கு நேரமாவும்மா, அவசரம்னா எறங்கி நட" என்றார் அவர். பஸ் முழுக்கச் சிரித்தது. நாம் இறங்கி நடந்தோம். ஆற்றுக் காற்று. நடக்கும்போது, "எங்க பசங்க உங்க ஸ்கூலுக்கு வராதுங்க டீச்சர். கச்சேரி ரோடு தாண்டினா அதுங்களுக்கு வேற ஊரு. ரெண்டு நாள் வரும், மூணாம் நாள் அப்பன்கூட வலை இழுக்கப் போயிடும்" என்றீர்கள். உங்கள் பையில் பதில் இருந்தது, என் பையில் துண்டுகள் இருந்தன. ஹெட்மாஸ்டர் சொல்லியும் ஏன் அவற்றை எடுத்துவந்தேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாத மனிதர். பள்ளி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பதிலை வாங்கிப் படித்தார். "தாமதம் ஏன்?" என்றார்.

"சர்க்குலர் எங்க ஸ்கூல்ல தொலைஞ்சுபோச்சு சார்."

அவர் பேனாவை மூடிவிட்டார். "அப்படியானால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை அம்மா. பள்ளிக்கூடத்தின் தவறு என்றால் அங்கீகாரத்தை நிறுத்தத்தான் உத்தரவு. உங்கள் பங்குச் சாமியார் வந்து சொன்னாலும் இதே பதில்தான்."

உங்கள் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். அத்தனை நாளும் எதற்கும் ஒரு கேலி வைத்திருந்த வாய் அப்போது வெறுமனே திறந்து மூடியது. நான் பையிலிருந்து நான்கு துண்டுகளையும் எடுத்து அவர் மடியில் இருந்த பதிவேட்டின் மேல் சேர்த்து வைத்தேன். "இவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை சார். நான் கிழித்துவிட்டேன்" என்றேன்.

அவர் சர்க்குலரைப் படித்தார். கையெழுத்துகளைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டைத் திருப்பி நெடுநேரம் பார்த்தார். "பதினேழை ஆறால் பெருக்கினால் தொண்ணூற்றிரண்டா அம்மா? சரி என்று போட்டிருக்கிறீர்கள்."

"நூற்றிரண்டு, சார்" என்றேன்.

அவர் உங்கள் பதிலில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதினார். பதுங்கு குழி பற்றிய உங்கள் மூன்று வரியைப் படித்தபோது மட்டும் மீசை கொஞ்சம் அசைந்தது. என் பதிவில் 'கவனம் தேவை' என்று எழுதச் சொல்லி ஹெட்மாஸ்டருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அதனால் என் வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. அந்த ஒரு வருஷமும் எப்படியோ ஓடிவிட்டது. உங்கள் ஆயா வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த மீனை, நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள் இல்லை என்று சொல்ல மனமில்லாமல் வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ.

யுத்தம் முடிந்து, காகிதம் வந்து, ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே சர்க்குலர் வர ஆரம்பித்த பிறகும் நான் வெள்ளிக்கிழமைகளில் உங்களிடம் வந்துகொண்டுதான் இருந்தேன். புதிதாக வரும் டீச்சர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்வீர்கள். கண்டக்டர் சோறு வடித்ததை நடித்தே காட்டுவீர்கள். கடைசியில் என் பக்கம் கைகாட்டி, "நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல இவங்க. பஸ்ஸு ஏறும்போதே, இல்ல டீச்சர், உண்மையத்தான் சொல்லுவேன்னு ஒத்தக்கால்ல நின்னாங்க" என்பீர்கள்.

நான் அப்படி நிற்கவில்லை, டீச்சர். பஸ்ஸில் நீங்கள் சொன்னதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. பாலத்தின் மேல் நடக்கும்போதும் அந்த நிம்மதி இருந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடாமல் இருந்திருந்தால், துண்டுகளைப் பையிலேயே வைத்துத் திரும்பக் கொண்டுவந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவர். நான் எதுவும் பேசவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொன்னீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். நான் அடக்கத்தால் குனிகிறேன் என்று அந்தப் புது டீச்சர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு முப்பது வருஷம் வேலை பார்த்தேன். தலைமை ஆசிரியையாகவும் இருந்தேன். வாயை மூடிக்கொண்டால் எனக்கு நல்லது, திறந்தால் வேறொருவருக்கு நல்லது என்கிற நேரங்கள் பல வந்தன. அப்போதெல்லாம் நீங்கள் சொன்ன கதையில் வருகிறவள்தான் என் நினைவுக்கு வருவாள். பஸ் ஏறும்போதே சொல்லிவிடுகிறவள். அவளைப் போல நடந்துகொள்ளப் பார்த்தேன். எல்லா நாளும் முடியவில்லை. பாதிக்கு மேல் முடிந்தது.