சுற்றாத சுருள்

என் பாசமுள்ள செல்வம் அண்ணே,

உன் கருமாதி முந்தாநாள் முடிந்தது. றக்வான மலையில் மழை விடவில்லை. பந்தல் ஒழுகியும் தோட்டத்து லயத்துச் சனம் எல்லாம் வந்து சாப்பிட்டுப் போனது. உன்னை வெளிநாட்டில் நிலக்கரி கழுவும் ஆலைக்கு அனுப்பிவைத்த ஏஜன்சிக்காரரும் இரத்தினபுரியிலிருந்து வந்திருந்தார். கூப்பிடாமலே வந்தார். அப்போதே எனக்கு மனசு சரியில்லை.

"ஸ்பைரல் மிஷின் சுத்துறப்ப கையப் புடிச்சி இழுத்துருச்சும்மா. என்ன செய்ய, விதி" என்றார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? தேயிலைக் கொழுந்து அரைக்கும் ரோலரில் விரலைக் கொடுத்தவர்கள் நம் லயத்திலேயே இருக்கிறார்களே. மிஷின் என்றால் சுற்றும், சுற்றினால் இழுக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அவரும் அப்படி நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்த ஸ்பைரலை நீ எனக்கு வீடியோவில் காட்டியிருக்கிறாய். ஒரு கம்பத்தைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும், தண்ணீர் ஓடும் பீலி, அவ்வளவுதான். மேலே தூள்கரியையும் தண்ணீரையும் விட்டால் தானாகவே இறங்கும். கனமான கல்லும் மண்ணும் உள்பக்கம் ஒதுங்கும், லேசான கரி வெளிப்பக்கம் வரும். "மாணிக்கம் அரிக்கிறவனுக்குக் கல்லு வேணும். எங்களுக்குக் கல்லு வேணாம், கரிதான் வேணும்" என்று சிரித்தாய். அந்தப் பீலியில் சாய்ந்துகொண்டுதான் பாண் தின்றாய். அது அசையவே இல்லையே அண்ணே.

கேட்டேன். சபையிலேயே கேட்டேன். "சுத்தாத சாமான் எப்படிங்க கையப் புடிச்சி இழுக்கும்?"

தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "அப்ப தண்ணி ஏத்துற பம்புலதான் இருக்கும்மா" என்றார்.

பம்பு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். இப்போது எதை நம்புவது? உன் உடல் வந்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஏன் சொன்னார்கள்? அம்மாவுக்கு உன் முகத்தைக்கூடக் காட்டவில்லையே. உன்னோடு வேலை செய்தவர்கள் ஏன் போன் எடுப்பதில்லை? இதற்கிடையில் அந்த ஏஜன்சிக்காரர் நம் தம்பி ரமேஷுக்கு உன் வேலையையே வாங்கித் தருகிறாராம். அப்படி என்ன அவசரம் அவருக்கு?

நான் கேட்ட கேள்விக்குப் பிறகு ரமேஷ் வேண்டாம் என்பான் என்று நினைத்தேன். நேற்று அடுப்படியில் வந்து நின்றான். "நான் போறேன்க்கா. அங்க போனாத்தானே அண்ணனுக்கு என்னா ஆச்சுன்னு கேக்கலாம்?" என்றான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணே, உனக்கு வாக்குத் தருகிறேன். தம்பியை அங்கே விட மாட்டேன். அவன் கேட்க நினைப்பதை நானே கேட்பேன். ஏஜன்சியில் கேட்பேன், கொழும்பில் அரசாங்கக் கந்தோர்களில் கேட்பேன், அவர்களுக்குத் தமிழ் விளங்கவில்லை என்றால் சிங்களத்தில் கேட்பேன். ஒழுங்கான பதில் வரும்வரை விட மாட்டேன்.

நீ மட்டும் ஒரு தரம் அவன் கனவில் வந்து, போகாதே என்று சொல்லிவிடு. நான் சொன்னால் கேட்கிறானில்லை.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி மலர்