அம்மா நடித்த நோய்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவுடையது. நீ அனுப்புவதையெல்லாம் அவர் இரண்டு தடவை படிப்பார். அதனால் குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒருக்களித்து வைத்து, தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா புரண்டு படுத்தாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். எழுத்து கோழி கிறுக்கியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவை இப்போது மருத்துவக் கல்லூரி நூலகத்தின் கீழ்த்தள அறைக்கு மாற்றிவிட்டார்கள். கல்லூரியின் பழைய சாமான்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். மஞ்சளாகிப்போன பாடக் குறிப்புகள், எல்லார் மீசையும் ஒன்று போலவே இருக்கும் வகுப்புப் படங்கள், வீடியோ கேசட்டுகள். அந்தக் காலத்தில் கல்லூரிக்காகத் தானே கேமரா பிடித்து எடுத்த கேசட்டுகளையே அப்பா இன்றைக்குப் பூஞ்சை துடைத்து ஓடவிடுகிறார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். ஒரு மாணவர் கல்லீரலைச் செருப்பு மாதிரி வரைந்திருக்கிறார். ஓரத்தில் வாத்தியார் சிவப்பு மையில், ‘இது யாருடையது? வாசலில் விடவும்’ என்று எழுதியிருக்கிறார். நூலகர் மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன வாரம் ஒரு கேசட் பெட்டியிலிருந்து அம்மா வந்தாள், அக்கா.

கல்லூரியில் மாணவர்களுக்கு முன்னால் நோயாளியாக நடிப்பதுதான் அம்மாவின் வேலை என்று நீ சொல்லிச் சொல்லி எனக்குத் தெரியும். நீ கழுத்தில் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய், “இன்னைக்கு என்ன நோய்மா?” என்று கேட்பாயாம். அம்மா, “கேளுங்க டாக்டரம்மா, கேட்டாத்தான் சொல்லுவேன். கேக்காம வாயத் தொறந்தா என் வேலை போயிடும்” என்பாளாம். மாணவர்கள் கேட்டுப் பழக வேண்டும் என்பதற்காகக் கல்லூரியில் வைத்திருந்த விதி அது. ஒரு நாள் நீ ‘எத்தனை நாளா?’ என்று கேட்க மறந்துவிட, அடுப்பில் இருந்தது கருகும்வரை அம்மா ‘ஐயோ, ஐயோ’ என்று முனகிக்கொண்டே நின்றாளாமே. உனக்கு இதெல்லாம் ஞாபகம். அம்மா இறந்தபோது எனக்கு மூன்று வயது. அலமாரிக்குள் இருக்கும் படம் மட்டும்தான் என் அம்மா. அதற்குக் குரல் கிடையாது.

இப்போது இருக்கிறது. சளி பிடித்தால் நீ பேசுவாயே, அதே குரல். ஒன்றில் முழங்கால் வலி என்று நொண்டுகிறாள். இன்னொன்றில் காது கேட்காத கிழவியாகி, மாணவனைத் தொண்டை கட்டும்வரை கத்த வைக்கிறாள். அப்போது படமே குலுங்குகிறது. கேமராவுக்குப் பின்னால் அப்பா சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இனிமேல்தான் நான் பயந்த விஷயம். நூலக விதிப்படி, நடித்துக் காட்டிய படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிஜ நோயாளி என்றால் பூட்டிவிடுவார்கள், வீட்டாரே வந்து கேட்டால் ஒழியத் திறக்க மாட்டார்கள். அம்மாவின் கேசட்டுகள் ஏழுக்கும் நேராக அப்பா பட்டியலில் ‘உண்மையான நோயாளி’ என்று போட்டிருக்கிறார். மேடம் புதிதாக வந்தவர், அவருக்கு எதுவும் தெரியாது. “யாருங்க இந்தம்மா, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்று கேட்டார். அப்பா தலையைத் தூக்காமல், “யாரோ பழைய நோயாளிங்க” என்றார். பக்கத்திலேயே நான் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. ‘பொய் சொன்னா எனக்குப் பிடிக்காது’ என்று என்னிடம் சொல்கிறவர்! வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். அப்பா டீ குடிக்கப் போயிருந்தபோது, எனக்குக் காட்டாமல் வைத்திருந்த கடைசிக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன்.

அதில் அம்மா தையல்காரி. நோய், தலைவலி. ஒல்லியாக ஒரு மாணவர் நடுங்கி நடுங்கிக் கேட்கிறார், அம்மா பதில் சொல்கிறாள். நடுவில், அவர் கேட்காமலே, “தம்பி, இந்தப் பக்கம் விலாவுக்குக் கீழயும் ஒரு வலி இருக்கு. ராத்திரி தூங்க விடமாட்டேங்குது” என்றாள். மாணவர் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்கிறது: “அடடா, அடுத்த வாரத்து நோயை இன்னைக்கே அவுத்து விட்டுட்டாளே!” அறை முழுக்கச் சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள். “ஆமா, மறந்துட்டேன், தலைவலிதான்” என்றாள். ஆனால் விலாவில் வைத்த கையைப் படம் முடியும்வரை எடுக்கவே இல்லை.

கேட்காமல் அம்மா வாயைத் திறக்க மாட்டாள் என்று நீதானே சொன்னாய்? அடுத்த வருஷம் அம்மாவின் நோயைக் கண்டுபிடித்தபோது ரொம்ப முற்றிவிட்டிருந்தது என்றும் நீதான் சொன்னாய். அப்பா எழுதியது பொய் இல்லை, அக்கா. அந்த ஒன்றுக்காகத்தான் ஏழு கேசட்டையும் பூட்டப் பார்க்கிறார்.

டீ குடித்துவிட்டு அப்பா வந்தபோது நான் கணக்குப் போடுவது போல நடித்தேன். அவர் என் தலையில் கை வைத்து, “என்னடா வாலு, முகமே சரியில்ல?” என்று கேட்டார். பசிக்கிறது என்றேன்.

நீ பெரியவள். நீ எழுதினால் மேடம் கேட்பார். வெள்ளிக்கிழமைக்குள், அவள் எங்கள் அம்மா, அது அவள் வேலை என்று எழுது. அப்பாவுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை என்றும் எழுது. அவரை மாட்டிவிடாதே. ஆறு கேசட்டுகளைத் திறந்து வைக்கட்டும். ஊரே பார்த்துச் சிரிக்கட்டும், அம்மாவுக்கும் அது பிடிக்கும். கடைசியானது மட்டும் பூட்டியே இருக்கட்டும். அதை நீயும் கேட்டு வாங்கிப் பார்க்காதே. நான் ஒருத்தி பார்த்ததே போதும். நான் பார்த்தது அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம்.

அடுத்த தடவை போன் செய்யும்போது ‘அப்பாகிட்ட குடு’ என்று ஒரு வார்த்தை சொல்லேன். உன் போன் வந்தால், என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா. எங்கேயாவது வலித்தால் யாரிடமாவது சொல். அவர்கள் சிரித்தால், இன்னொரு தடவை சொல்.

உன் அன்புத் தங்கை,
வாலு