குட்டிகளுக்குக் குறுக்கே நின்ற சிறுத்தை

நலம் பெருகுக. மழை தவறாத வெண்குன்ற நாட்டின் காவலர், சிறுத்தைக்கொடிச் செம்மல், பெருநற்சேந்தனாரின் திருவுளப்படி, மதியமைச்சர் கீரனார் கற்கோட்டைச் சிறைத்தலைவர் எயினன் கண்டனுக்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டையும் சுற்றமும் இனிது வாழ்க. தோல்வினைஞன் அழிசியின் வலக்கையை நாளை உதயத்தில் துணிக்குமாறு நேற்று வந்த ஆணையை எடுத்து வைத்துவிட்டு, இதனை முற்றும் வாசித்த பின்னரே எதையும் செய்க.

பட்டத்துக்குரியவர் சிறுத்தைத் தோல் கொண்டுவந்த பின்னரே இளவரசுப் பட்டம் சூடவேண்டும் என்னும் நம் நாட்டு வழக்கத்தை நீர் அறிவீர். அவ்வழக்கத்துக்காக வேட்டைக்குப் போன இளங்கோ சேந்தனார் சிறுத்தையால் மாண்டார். உடன் சென்றோர் அம்பெய்து அதனைக் கொன்றனர். எத்தகைய கொடிய விலங்கைத் தம் மகன் எதிர்த்தான் என்று ஊரார் காணவேண்டி, கொடியில் உள்ளதுபோல் வாய் பிளந்து முன்கால் ஓங்கிப் பாயும் நிலையில் அதனைப் பாடம் செய்து நிறுத்துமாறு மன்னர் அழிசியைப் பணித்தார்.

அழிசியோ, விலங்கு கடைசியாக நின்ற தரையைப் பாராமல், தோலுக்குள் நிறுத்தும் மூங்கிற்சட்டத்தைக் கட்டாதவன். பிடிவாதக்காரன், அதுவே அவனுக்கு வினையாயிற்று. தோலை உரிக்கும்போதே மடிக்காம்புகளில் பால் கட்டியிருக்கக் கண்டவன், வேட்டை நிகழ்ந்த குகைவாயிலுக்குத் தனியே நடந்தான். பின்னங்கால் நகங்கள் மண்ணில் ஆழ ஊன்றிய தடம் அங்கே இருந்தது. பாய்ந்த தடம் இல்லை. உள்ளே இரண்டு குட்டிகள் பாலின்றி இறந்து கிடந்தன. அவற்றை அருகிலேயே புதைத்துவிட்டு வந்து, நான்கு நாள் ஊண் உறக்கம் மறந்து வேலை செய்தான்.

நேற்று அரண்மனை மண்டபத்தில் மன்னர் கண்டபோது முன்கால் ஓங்கியிருக்கவில்லை. செவிகள் பின்னே படிந்து, வயிறு தரையோடு தாழ்ந்து, ஓர் அடியும் பெயராமல் எதையோ மறைத்து நின்றது சிறுத்தை. மன்னர் காரணம் வினவ, பொய்யான நிலையில் நிறுத்தினால் தோள்பட்டையில் தோல் இழுபட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்றும், இது நின்றவாறே தன்னால் நிறுத்த இயலும் என்றும் அழிசி விண்ணப்பித்தான். தம் மகனைக் கொன்ற விலங்கைக் குற்றமற்றதாகக் காட்டினான் என்று மன்னர் வெகுண்டார். பெற்ற மனம் எரியும்போது நியாயம் யார் காதில் ஏறும்?

இன்று நண்பகலில் கோப்பெருந்தேவி வேண்மாள், மன்னர் இருக்கும்போதே அம்மண்டபத்துக்குத் தாமே வந்து, சிறுத்தையை மூடியிருந்த துணியை விலக்கினார். நெடுநேரம் பார்த்தார். இது எதை மறைத்து நிற்கிறது என்று அமைச்சரை வினவ, குட்டிகள் உட்பட அழிசி கூறிய அனைத்தையும் அமைச்சர் ஒளிக்காமல் கூறினார். அதுகேட்ட தேவியார், வேட்டைக்கு முந்தைய மாலை தம் மகன் தனக்கு அச்சமாக இருக்கிறது என்று சொன்னதாகவும், அதைக் கேட்டும் மறுநாள் தாமே திலகமிட்டு வேலினைக் கையில் கொடுத்தனுப்பியதாகவும், இந்தத் தாய் நின்றதுபோல் தாம் அவனுக்குக் குறுக்கே நிற்கவில்லை என்றும் மன்னர் முன்னிலையில் சொல்லி அழுதார். மன்னர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அமைச்சர் கையில் வைத்துவிட்டு, தேவியாரின் பக்கத்தில் தரையில் அமர்ந்தார்.

ஆகவே ஆணையாவது: அழிசியின் கட்டுகளை உடனே அவிழ்க்க. அவன் கையில் கீறலும் படலாகாது. பட்டத்துக்காக எந்தப் பிள்ளையையும் இனி வேட்டைக்கு அனுப்பும் வழக்கம் இந்நாட்டில் இல்லை. அழிசியைப் பல்லக்கில் ஏற்றி, பொழுது புலருமுன் அரண்மனை சேர்க்க. அவன் செய்தவற்றுள் இச்சிறுத்தைக்கு ஈடு வேறில்லை. ஆயினும் தேவியார் அச்சிறுத்தையை அதன் குட்டிகளோடு அடக்கம் செய்ய விரும்புகிறார். அவை புதைந்த இடம் அவன் ஒருவனுக்கே தெரியும்.

அரச முத்திரை இட்டு விடுத்தது. இவ்வோலை கண்ட கணமே நிறைவேற்றுக.