அக்காவின் பகல் தூக்கம்

மார்ச் 4
அக்கா படியில் வழுக்கி இடுப்பில் அடி. என் வீட்டில்தான் படுக்கை. தலைமையாசிரியையாக இருந்தவள் அல்லவா, வந்ததுமே என் தையல் மிஷின் சத்தத்துக்குத் தடை போட்டுவிட்டாள்.

மார்ச் 6
எலும்பு டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதினார். "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களாம்மா? தூக்கத்துக்கு, நரம்புக்கு?" அக்கா இல்லை என்றாள். மூன்று வருஷமாக மனநல டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரை சாப்பிடுகிறாள், எனக்கு மட்டும் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். ஒரு பார்வை பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி மூன்றாம் வகுப்பு எனக்கு.

வெளியே வந்ததும், "மூளைக்கு மருந்து திங்கறேன்னு ஊருக்கே தண்டோரா போடணுமாடி?"

மார்ச் 9
சாப்பிடும்போதே, வாயில் கவளத்தோடு தூங்கிவிட்டாள். பயந்து உலுக்கினேன். "நான் நிம்மதியா தூங்கறதுகூட உனக்குப் பொறுக்கலையா?"

மருந்துக்கடைக்காரரிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். "ரெண்டும் சேர்ந்தா மூச்சே அடங்கிடும்மா. அதுக்காக தூக்க மாத்திரைய பட்டுனு நிறுத்திடவும் கூடாது. இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க."

கொடுத்தாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்து. இருதலைக்கொள்ளி எறும்புதான் நான்.

மார்ச் 10
எலும்பு டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டேன். வலி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அக்கா பெட்டியைக் கட்டிவிட்டாள். "காட்டிக் கொடுத்துட்டல்ல?" தம்பி வந்து தன் ஊருக்குக் கூட்டிப்போனான். "அவன்கிட்டயும் சொன்னியோ, என் சாவுக்குக்கூட நீ வராதே." சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 13
ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாகத் தைத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 15
தம்பி போன் செய்தான், சந்தோஷமாக. "வலி தாங்கலைன்னு அழுதா. இங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். பிரமாதமான மாத்திரை. காலையிலேருந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறா."

"எழுப்புடா."

"பாவம், தூங்கட்டுமே—"

எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் மனைவி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். போனை அக்கா காதில் வைக்கச் சொல்லி, அக்கா அக்கா என்று கத்தினேன். அசைவில்லை. நான் இங்கே, கையில் கத்தரிக்கோலோடு. என்ன செய்ய? "உன் நல்ல புடவைய வெட்டித் தலையணை உறை தைச்சுட்டேன்" என்றேன். பொய்.

"எ...துடி?" என்று குழறினாள்.

விடவில்லை. வண்டி வரும்வரை வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொன்னேன். கடைசிப் பொய்க்கு அவள் பதில் சொல்லவில்லை.

மார்ச் 16
தம்பியிடமிருந்து செய்தி: மூச்சு சீராகிவிட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 21
ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாளாம். இப்போது எல்லா டாக்டருக்கும் எல்லாம் தெரியும், மாத்திரை எடுத்துக் கொடுப்பது தம்பி. என்னோடு மட்டும் பேச்சில்லை. தம்பி போன் செய்தான்; போனை அவளிடம் நீட்டிப் பார்த்தானாம்.

"முழிச்சிட்டு இருக்காளா?" என்று கேட்டேன்.

"நல்லா முழிச்சுகிட்டுதான் முகத்தைத் திருப்பிக்கறா."

சரி, திருப்பிக்கொள்ளட்டும்.