பாதி ஜெபக்குறிப்பு

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

போன் செய்தால் அண்ணன் எடுத்து, "அவ குளிக்கிறா" என்கிறார். காலையிலும் குளியல், மாலையிலும் குளியல். ஊர்த் தண்ணீர் தீர்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் போதகரம்மா, ஜெபக்குறிப்பு உண்டா என்று கேட்டார். எல்லோரும் முழங்கால் வலி, மகள் கல்யாணம் என்று பழைய சரக்கையே எடுத்து வைத்தார்கள். என் கை தானாகவே மேலே போனது. "எங்க அண்ணன் மகன் குடிப்பழக்கத்துக்காக மறுவாழ்வு இல்லத்துல இருக்கான். பாரத்தோட ஜெபிச்சுக்கங்க" என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். தாழ்த்திச் சொன்னால்தானே முன்னால் குனிந்து கேட்பார்கள்? குனிந்தார்கள். அந்த நேரம் எனக்கு இனித்தது, அண்ணி. அதுதான் இப்போது கசக்கிறது.

என்னிடம் மட்டும் நீங்கள் சொன்ன விஷயம். என்னைப் போல ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவளிடம் ஒரு தாளைக் கொடுத்தால் ஒன்றாகவா திரும்பி வரும் என்று வேடிக்கையாக எழுதப் பார்த்தேன். வேடிக்கை வரவில்லை.

வழக்கமாக 'கிறிஸ்துவுக்குள் அன்பான' என்றுதான் ஆரம்பிப்பேன். இன்று எழுதி, அடித்து, வேறு தாள் எடுத்தேன். கூசுகிறது. இனி வேறு சபைக்குப் போய்விடுகிறேன். உங்கள் கண்ணில் படமாட்டேன். நித்திய ஜீவன் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே வந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நாத்தனார்

மார்ச் 9

ஜெராக்சுக்கு,

குளித்து முடித்தேன். கோபம் போகவில்லை.

நேற்று அவனைப் பார்க்கப் போனோம். விஷயம் எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. உன் கூட்டத்துக்காரி ஒருத்தி அவனுக்கே போன் போட்டு ஆறுதல் சொன்னாளாம். அவன் கோபப்படவில்லை. ஒன்றுதான் கேட்டான்: "அத்தை நான் குடிச்சதை மட்டும் சொன்னாங்களா, விட்டுட்டேன்னும் சொன்னாங்களாம்மா?" நீ சொல்.

வரும் வாரம் வீட்டுக்கு வருகிறான். வந்ததும் முதல் வேலையாகச் சபைக்குப் போகணும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது அந்தப் பேச்சே இல்லை.

அப்புறம், மன்னிப்பை நித்திய ஜீவனுக்குத் தள்ளிப்போடுகிறாயே, அது செத்த பிறகு திறக்கிற கடை என்று உனக்கு யார் சொன்னது? கிறிஸ்துவோடு சேர்ந்த அன்றைக்கே நமக்கு அது தொடங்கிவிட்டது. என்னைப் பார்க்கப் பயந்து நீ ஒளிந்திருக்கிற இந்த வாரமும் அதற்குள்தான் கழிகிறது. 'கிறிஸ்துவுக்குள்' என்பதை அடித்தாயாம். அதை அடித்துவிட்டால் நீயும் நானும் சந்திக்க வேறு இடம் ஏது? என் கோபத்தையும் அங்கேதான் வைத்திருக்கிறேன். வேறு சபைக்குப் போனாலும் இந்த வாயோடுதானே போவாய்?

அண்ணி

மார்ச் 15

கிறிஸ்துவுக்குள் அன்பான அண்ணிக்கு,

எழுதிவிட்டேன். இந்தத் தடவை அடிக்கவில்லை.

அவனிடம் சொல்லுங்கள்: குடித்ததை மட்டும்தான் சொன்னேன். விட்டுவிட்டான் என்பதும் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் யாரும் குனிந்து கேட்டிருக்கமாட்டார்கள்.

நேற்று கூட்டத்துக்குப் போனேன். போதகரம்மா கேட்டதும் எழுந்து, "எனக்காக ஜெபிங்க. அன்னைக்கு ஜெபம்னு சொல்லி நான் புறணி பேசினேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்தாலே சிரிக்கப் பழகியவர்கள், பழக்கியதும் நான்தான். உட்காராமல் அப்படியே நிற்கவும், சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. பிறகு ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கேட்டவர்கள் குனிந்தே இருந்தார்கள்.

அவன் விட்டுவிட்டான் என்று அங்கேயே சொல்லிவிட நாக்கு துடித்தது. அது அவனுடைய செய்தி, அவன் சொல்லட்டும் என்று கடித்துக்கொண்டேன். ஒரு நல்ல செய்தியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. சொன்னால் நம்பமாட்டீர்கள், பல் வலித்தது.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வழக்கமான வரிசையில்தான் இருப்பேன். பக்கத்தில் ஓர் இடத்தில் கைப்பையையும் இன்னோர் இடத்தில் குடையையும் போட்டு வைப்பேன். யாருக்கு என்று கேட்டால் சொல்லமாட்டேன்.

உங்கள் ஜெராக்ஸ்

மார்ச் 20

கிறிஸ்துவுக்குள் அன்பான நாத்தனாருக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டான். உன் கடிதத்தைக் கொடுத்தேன். "அத்தை சொல்லாம இருந்தாங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். அவன் சிரித்து ரொம்ப நாளாயிற்று. சபைக்கு வருவதாக இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த ஞாயிறு நான் வருகிறேன். கைப்பையை மட்டும் எடு. குடை அங்கேயே இருக்கட்டும்.

அண்ணி