ஏழாவது வரியும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

அனுப்புநர்
ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் தந்தை,
மைக்செட் கடை,
பேருந்து நிலையத்தின் பின்புறம்.

பெறுநர்
உயர்திரு கல்வி அதிகாரி அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: தேசிய தின விழாவில் என் மகள் மேடையிலிருந்து இறக்கப்பட்டது – நான் மன்னிப்புக் கடிதம் தரும்வரை அவளுக்கு வகுப்பில் இடமில்லை என்பது – அக்கடிதத்தை நான் தரப்போவதில்லை என்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினேழு ஆண்டுகளாக மைக்செட் தொழில் செய்து வருகிறேன். என் மகள் படிக்கும் பள்ளியின் விழாக்களுக்கு ஒன்பது ஆண்டுகளாக நான்தான் ஒலிபெருக்கி வைக்கிறேன். ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது தேய்ந்தவன். அதனாலேயே எனக்கு வாய் இல்லை என்று பள்ளி நிர்வாகம் நினைத்துவிட்டது போலும்.

2. என் மகளுக்குத் திக்குவாய். அதை மூடி மறைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இவ்வாண்டு விழாவில் பதினொரு பிள்ளைகள் ஆளுக்கொரு வரி சொல்லும் நாடகம் ஏற்பாடாகியிருந்தது. ஏழாவது வரியை வகுப்பாசிரியை நல்ல மனதோடு என் மகளுக்குக் கொடுத்தார். அந்த வரி: "இந்த நாட்டில் பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு." நான் இட்டுக்கட்டவில்லை ஐயா, நாடகப் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மூன்று வாரம் அவள் குளியலறையிலும் மாடிப்படியிலும் இதையே சொல்லிப் பழகினாள். பக்கத்து வீட்டு அக்காவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

3. இங்கே என் தொழில் முறையைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் கையில் மைக் கொடுத்தால் விரல் சும்மா இருக்காது. சுவிட்சை நோண்டி அணைத்துவிடுவார்கள். ஆகவே பிள்ளைகள் நிகழ்ச்சி என்றால் கையில் பிடிக்கும் மைக்கின் சுவிட்சைப் போட்டபடியே வைத்து, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவேன். ஒலியை ஏற்றுவதும் இறக்குவதும் மேடைக்குக் கீழே என் மேசையில் உள்ள மிக்சரில்தான்.

4. சிறப்பு விருந்தினர் வந்து அமர்ந்ததும் நாடகம் என்று ஏற்பாடு. அவருடைய கார் வாசலில் திரும்புவதைப் பார்த்து ஒலியை ஏற்றினேன். பிள்ளைகள் திரைக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தார்கள். கடைசி நேரத்தில் தலைமையாசிரியை அந்த வரிசையைப் பார்வையிடப் போனார். அடுத்த நிமிடம் என் மகள் மட்டும் பக்கவாட்டுப் படியில் இறங்கி வந்தாள். கழுத்தில் '7' என்ற அட்டை தொங்கியது. அழவில்லை; ஆனால் அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மிக்சரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழுந்து ஓடினேன். நிகழ்ச்சி நடுவே மேசையை விட்டு நான் எழுந்தது தொழிலுக்கு வந்த நாள் முதல் இதுவே முதல் முறை. அது தொழில் தவறு. ஒப்புக்கொள்கிறேன், வருந்துகிறேன்.

5. பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய மைக் அப்போது, திரைக்குப் பின்னால் வகுப்பாசிரியையிடம் காரணம் சொல்லிக்கொண்டிருந்த தலைமையாசிரியையின் கையில் இருந்தது. அணைந்திருக்கிறது என்று எண்ணியிருப்பார். ஒலிபெருக்கியில் கேட்டதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்.

தலைமையாசிரியை: "அந்தப் பொண்ணு வேணாம். வந்திருக்கிறவர் முன்னாடி அது திக்கிக்கிட்டு நின்னா நம்ம பள்ளிக்கூடத்துக்குத்தான் அசிங்கம்."

வகுப்பாசிரியை: "அவங்க அப்பா கீழதான் இருக்காரு, மேடம்."

தலைமையாசிரியை: "மைக்செட்காரர்தானே? அவரு என்ன சொல்லிடப் போறாரு?"

இது மைதானத்தில் வைத்த நான்கு பெட்டிகளிலும், தெருவைப் பார்த்துக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலும் தெளிவாகக் கேட்டது. எதிரே மருந்துக் கடையில் நின்றவர்களும் சாட்சி. சிறப்பு விருந்தினர் காரிலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்திருந்தார். மறு காலை வைக்கச் சற்று நேரமாயிற்று. ஒலியின் தரத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை யாரும் குறை சொல்லவில்லை.

6. மறுநாள் என்னை அழைத்தார்கள். நான் வேண்டுமென்றே மைக்கைத் திறந்து வைத்துப் பள்ளியின் பெயரைக் கெடுத்ததாக எழுதி, மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட வேண்டுமாம். அதுவரை என் மகள் வகுப்புக்குள் நுழையக் கூடாதாம். இன்றோடு ஆறு பள்ளி நாட்களாக, குடிநீர்த் தொட்டியருகே ஒரு பெஞ்சில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வரும் திங்கட்கிழமை தேர்வு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பு தைத்தவளையே வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள்.

7. "ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயேன், புள்ள படிப்பு முக்கியமில்லையா?" என்று என் மைத்துனர் உட்படப் பலர் சொல்லிவிட்டார்கள். எனக்கும் ஒரு நாள் மனம் தடுமாறியது; பேனாவையும் எடுத்துவிட்டேன். என் மனைவி அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். "அவ ஒரு வரி சொல்றதுக்கு அவங்க விடல. நீங்க எதுக்கு அவங்களுக்கு ரெண்டு வரி எழுதணும்?" என்றாள்.

ஆகவே ஐயா அவர்கள்,

(அ) நாளைக் காலை முதல் மணிக்கே என் மகள் தன் இடத்தில் உட்கார ஆணையிட வேண்டும்.

(ஆ) நாடகத்தைப் பதினொரு பிள்ளைகளோடும் பள்ளி முழுவதும் கூடியிருக்க மீண்டும் நடத்தச் சொல்ல வேண்டும்.

(இ) மன்னிப்புக் கடிதம் இனிக் கேட்கப்படக் கூடாது. மேசையை விட்டு எழுந்ததற்கு நான்காம் பத்தியில் வருத்தம் தெரிவித்துவிட்டேன். அதற்கு மேல் என்னிடமிருந்து ஒரு எழுத்தும் பெயராது.

ஒரு வாரத்துக்குள் பதில் இல்லையென்றால் தங்கள் அலுவலக வாசலில் நின்று கேட்பேன். இரண்டாம் மாடி வரை கேட்க எனக்கு மைக் தேவைப்படாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கையெழுத்திடும் முன் இந்த மனுவை முழுவதும் வாய்விட்டுப் படிக்கும்படி என் மகளிடம் கேட்டேன். படித்தாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. யாரும் அவளுக்குச் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. விசாரணைக்கு அழைக்கும்போது என்னை விட்டுவிட்டு அவளைக் கேளுங்கள் ஐயா. முழுவதும் சொல்வாள்.

இடம்: மைக்செட் கடை
நாள்: விழா முடிந்த எட்டாம் நாள்

இவண்,
(ஒப்பம்)
மாணவியின் தந்தை

இணைப்பு: நாடகப் பிரதி, ஒரு பக்கம். ஏழாவது வரி அடிக்கோடிடப்பட்டுள்ளது.